ராமலிங்கம் சாரின் ஆறு மணி ‘இருக்கேன்’

1

போன மாதம் ஒரு வியாழக்கிழமை எங்கள் குரூப்பில் ‘இருக்கேன்’ வரவில்லை.

அது என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கந்தர்வக்கோட்டையில் என்னோடு பத்தாவது படித்தவர்கள் அறுபத்துச் சொச்சம் பேர் செல்போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறோம். அதில் எங்கள் பி.டி. சார் ராமலிங்கமும் இருக்கிறார். ரிட்டையர் ஆகி வெகுகாலம் ஆயிற்று. தினமும் காலை ஆறு மணிக்கு அவர் ஒரே ஒரு வார்த்தை போடுவார்: ‘இருக்கேன்’. வணக்கம் கிடையாது, பூப்படம் கிடையாது. உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். ஏன் அப்படிப் போடுகிறார் என்றால், அதற்குக் காரணம் நான்தான்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. கட்டடங்களில் கான்கிரீட்டையும் கல்லையும் மெஷின் வைத்து அறுக்கிற வேலை. முதலில் நானே அறுத்தேன். இப்போது அறுக்கிறவர்களை மேய்க்கிறேன். பேசுவதே எனக்குச் சண்டை மாதிரி இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். எழுத்து மட்டும் எப்படி இருக்கும்? பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் ஆறு மணி என்றால் இங்கே எட்டரை. சைட்டில் முதல் டீ. ஒரு கையில் டீ, இன்னொரு கையில் போன். சார் ‘இருக்கேன்’ என்று போட்டிருப்பார். சரி, இருக்கிறார் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு மெஷின் சத்தத்துக்குள் போய்விடுவேன். மூன்று வருஷமாக என் நாள் அப்படித்தான் ஆரம்பித்தது.

வியாழக்கிழமை வரவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையும் வரவில்லை.

2

குரூப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாதிப் பேர் ஊரில் இருக்கிறார்கள். மீதிப் பேர் துபாய், மஸ்கட், மலேசியா, திருப்பூர், சென்னை. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தேர்தல் வந்தால் எவன் ஜெயிப்பான் என்று தெரியும். படம் வெளியாவதற்கு முன்பே அது ஓடுமா ஓடாதா என்று தெரியும். எந்தப் போன் வெடிக்கும், எந்தக் காயைத் தின்றால் சர்க்கரை குறையும், எல்லாம் தெரியும். ஒருவனுக்கும் தெரியாத ஒரே விஷயம், தனக்கு வந்ததை அடுத்தவனுக்குத் தள்ளிவிடும் முன் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும் என்பது.

போன வருஷம் ஒருவன் ஒரு படம் போட்டான். ஐயனார் கோயில் மண்குதிரை உயிர் வந்து கண்மாய்க் கரையில் ஓடுகிறது. முப்பது பேர் கும்பிடு போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘இது ஏ.ஐ. கம்ப்யூட்டர் வரைஞ்சது. குதிரைக்கு அஞ்சு கால் இருக்கு, எண்ணிப் பாருங்கய்யா’ என்று போட்டேன். உடனே ஒருவன் கேட்டான்: ‘சாமி குதிரைக்கு அஞ்சு கால் இருக்கக் கூடாதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?’

போனைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

திட்டுகிறேனே தவிர, அந்தக் குரூப் இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். சைட்டில் பங்களாதேஷ்காரர்களோடு இந்தியும் வங்காளமும் கலந்து கத்துகிறேன். சீன முதலாளியிடம் நாலு இங்கிலீஷ் வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் போடுகிறேன். வீட்டில் மகள் தர்ஷினி பேசுகிற தமிழ் செய்தி வாசிக்கிறவர் பேசுவது மாதிரி இருக்கும். அவளுக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். ‘அப்பா, தாங்கள் உணவு உண்டீர்களா?’ என்று கேட்டுவிட்டு, அடுத்த நிமிஷம் தோழியிடம் போனில் இங்கிலீஷில் வெளுத்து வாங்குவாள். என்னை ‘என்னாடா வெண்ணெ’ என்று கூப்பிட இந்த உலகத்தில் அந்தக் குரூப்பில்தான் ஆள் இருக்கிறது.

அப்படிக் கூப்பிடுகிறவர்களில் முதல் ஆள் அடைக்கலம். கந்தர்வக்கோட்டையில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. எனக்குச் சொந்தம் கிடையாது, ஆனால் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் சிங்கப்பூர் கிளம்பியபோது, கீரனூர் வழியாகத் திருச்சி போகிற பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏர்போர்ட் வரைக்கும் வந்தவன் அவன்.

அவனும் நானும் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை.

3

நடந்தது இதுதான்.

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். ஊரில் ஒரு சாவு விழுந்தால் அதைக் குரூப்பில் முதலில் சொல்வதில் எங்களுக்கு ஒரு பெருமை. ஊரில் இருக்கிறவனுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது பார், நான் தூரத்தில் இருந்தாலும் இன்னும் ஊர்க்காரன்தான் என்று காட்டிக்கொள்கிற அரிப்பு.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலை, வேலைக்குப் போகிற ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். வேறொரு குரூப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலி படம் வந்தது. ராமலிங்கம், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். பழைய போட்டோ. தொப்பி, பெரிய மீசை, கழுத்தில் விசில். நான் ஊர்ப் பெயரைப் பார்க்கவில்லை. முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. அந்தக் காலத்து பி.டி. சார்கள் எல்லோரும் தொப்பியும் மீசையும் விசிலுமாகத்தான் இருந்தார்கள் என்று அப்போது தோன்றவில்லை. நாலு வரி எழுதினேன். ‘எங்களை ஓட வைத்த கால்கள் ஓய்ந்தன’ என்று ஆரம்பித்து. எனக்கு எழுத வராது என்று சொன்னேன் இல்லையா, அன்றைக்குப் பார்த்து வந்து தொலைந்தது. படத்தோடு எங்கள் குரூப்பில் போட்டேன். நான்தான் முதல் ஆள்.

அடைக்கலம் அதைப் படித்திருக்கிறான். என்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. பட்டறையைப் பூட்டிவிட்டு, ரோஜா மாலை ஒன்று ஆள் உயரத்துக்கு வாங்கிக்கொண்டு, ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போய்விட்டான். கேட்டைத் தாண்டும்போதே அழ ஆரம்பித்துவிட்டான் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

கதவைத் திறந்தது ராமலிங்கம் சார். கையில் காபி டம்ளர்.

“யாருக்குடா மாலை?” என்று கேட்டிருக்கிறார்.

அடைக்கலத்துக்கு அந்த நேரத்தில் மூளை எப்படி வேலை செய்தது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஒங்களுக்குத்தான் சார். பொறந்த நாளு” என்றிருக்கிறான்.

“என் பொறந்த நாளுக்கு ஏன்டா அழுவுற?”

“சந்தோசத்துல சார்.”

வேறு வழியில்லாமல் அந்த மாலையை அவர் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். பின்னால் நின்ற ஒருவன் அதைப் போட்டோ எடுத்துவிட்டான். பத்து நிமிஷத்தில் ஒருவன் என் செய்தியைச் சாருக்கே காட்டியிருக்கிறான். அவர் அந்த மாலையோடு உட்கார்ந்து தன் அஞ்சலியை முழுசாகப் படித்தாராம்.

அன்று சாயங்காலத்துக்குள் கந்தர்வக்கோட்டை முழுக்க அந்தப் போட்டோ போய்விட்டது. ஒரு மாதத்துக்குப் பட்டறைக்கு வந்தவன் எல்லாம், “அண்ணே, என் வண்டிக்கு உசுரு இருக்கான்னு பாத்துட்டு மாலை வாங்குங்க” என்று சொல்லியிருக்கிறான். ‘மாலை அடைக்கலம்’ என்று பேர் விழுந்தது.

அவன் எனக்குப் போன் செய்து கத்தினான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? தப்புதான்டா என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாயில் அது வராது. “சார் வீடு பத்து நிமிச தூரம். ஒரு எட்டுப் போயி விசாரிச்சுட்டு மாலை வாங்க வேண்டியதுதானே? நான் கடல் தாண்டி இருக்கேன், எனக்கு எப்புடித் தெரியும்?” என்றேன்.

“இனி ஒங்கூட பேசுனா என்னைச் செருப்பால அடி” என்று வைத்துவிட்டான்.

சாரைக் குரூப்பில் சேர்த்தது அதற்குப் பிறகுதான். இனிமேல் இப்படி நடக்காமல் இருக்கட்டும் என்று யாரோ சேர்த்தார்கள். சேர்ந்த அன்று குரலில் பேசி அனுப்பினார்: “பென்சனுக்காக வருசத்துக்கு ஒரு தடவ நேர்ல போயி உசுரோட இருக்கேன்னு கவர்மென்ட்டுக்குக் காட்டுறேன். அவங்களுக்கே வருசத்துக்கு ஒரு தடவ போதுமாம். ஒங்களுக்குத் தினம் காட்டணும் போலருக்கு. சரி, காட்டுறேன்.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் ‘இருக்கேன்’ வந்தது.

4

பேசுவதில்லை என்று சொன்னேன். ஆனால் பேசாமலும் இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் மகளுக்கு விளக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் அவள் என் போனை வாங்கி எதையோ சரிசெய்யும்போது குரூப்பைப் படித்துவிட்டாள். கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பற்றி அன்றைக்குச் சண்டை. அந்தக் காலத்திலேயே லேசர் வைத்துத்தான் அந்தக் கல்லை அறுத்தார்கள் என்று எவனோ எழுதியதை அடைக்கலம் எடுத்துப் போட்டிருந்தான். கல் அறுக்கிறவனிடமே கல் கதை. நான் போட்டேன்: ‘சார், கல்லு அறுக்குற மெஷினைக் கண்ணால பாக்காதவங்க லேசரைப் பத்திப் பேசுறாங்க சார். உளித் தடம் இருக்கும், அங்கிட்டுப் போயி தடவிப் பாக்கச் சொல்லுங்க சார்.’

அவன் போட்டான்: ‘சார், வெளிநாட்டுல மெஷினு தள்ளுறவங்களுக்கு நம்மூர்க் கோயிலைப் பத்தி என்னா தெரியும்னு கேளுங்க சார். மூளையை அங்கயே அறுத்துப் போட்டுட்டாங்களான்னும் கேளுங்க சார்.’

இரண்டுக்கும் கீழே சார் ஒரு கட்டை விரல் படம் போட்டிருந்தார். அவ்வளவுதான். மூன்று வருஷமாக எங்கள் சண்டைக்கு அவர் அதற்குமேல் எதுவும் போட்டதில்லை.

தர்ஷினி முகம் மாறிவிட்டது. “அப்பா, அந்தப் பெரியவர் பாவம் இல்லையா? நீங்கள் இருவரும் ஏன் அவரைத் திட்டுகிறீர்கள்?”

“அவரத் திட்டலடி. அவன நான் திட்டுறேன், என்னைய அவன் திட்டுறான்.”

“பிறகு ஏன் அவர் பெயரை எழுதுகிறீர்கள்?”

அவளுக்குச் சாடை பேசுவதைப் பற்றிச் சொன்னேன். என் ஆத்தாளும் எங்கள் சின்னம்மாவும் பத்து வருஷம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வளவு, நடுவில் இடுப்பு உயரச் சுவர். ஆத்தா கட்டிக் கிடக்கிற எருமையைப் பார்த்து, “ஏ மூதேவி, அடுத்தவ வரப்புல வாய வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது?” என்று கத்தும். எருமை நகர்ந்தே இருக்காது. அந்தப் பக்கம் சின்னம்மா கோழியைப் பார்த்து, “யாரு வரப்புல யாரு வாய வச்சா, ஊருக்கே தெரியும் போ” என்று சொல்லும். சண்டை மட்டும் இல்லை. ஆத்தாளுக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, சின்னம்மா சுவர்மேல் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, “ஏ கோழி, கஞ்சி ஆறுது, குடிக்கிறவங்க குடிச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனது. ஆத்தா குடித்தது. கழுவின சட்டியைச் சுவர்மேல் வைத்தது. அப்போதும் பேசவில்லை.

இதில் ஒரே ஒரு சட்டம்தான். நடுவில் இருக்கிறது பதில் பேசக் கூடாது.

தர்ஷினி போனை என்னிடம் நீட்டினாள். “அப்படியென்றால் ராமலிங்கம் சார்தான் அந்த எருமையா?”

என் மனைவி அடுப்பங்கரையில் இருந்து சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுச் சீனக் கிழவிக்குக் கேட்டிருக்கும்.

கொடும்பாளூர் சண்டை அத்தோடு முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடைக்கலம் நாலு போட்டோ போட்டான். கந்தர்வக்கோட்டையிலிருந்து வெயிலில் வண்டியை ஓட்டிக்கொண்டு கொடும்பாளூர் போய், கல்லோடு ஒட்டிவைத்து எடுத்திருக்கிறான். வரிவரியாக உளித் தடம். கீழே ஒரு வரி: ‘சார், தடவிப் பாத்தேன் சார். யாரோ சொன்னது சரிதான்னு சொல்லிருங்க சார்.’

அந்தப் போட்டோக்களை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

5

இடையில் இன்னொன்று. எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். இப்போது காகிதம் இல்லை, எல்லாம் போனில். ஒரு பாஸ்வேர்டு கேட்கும், அதைப் போட்டால் இன்னொரு நம்பர் அனுப்பும், அதைத் தேடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று முதலில் இருந்து ஆரம்பிக்கும். அதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அறுத்துவிடுவேன். கடைசியில் ஆபீசில் இருக்கிற சீன அம்மாவிடமே போய் நிற்பேன். அவள் கேட்கக் கேட்க நான் சொல்வேன்.

சைட்டில் எனக்கு ஏதாவது ஆனால் இந்தியாவில் யாருக்குச் சொல்ல வேண்டும்? அது ஒரு கேள்வி. அப்பா, ஆத்தா இல்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லை. வந்த நாளிலிருந்து அந்த இடத்தில் அடைக்கலம் பட்டறை நம்பர்தான். என்ன உறவு என்று முதல் வருஷம் கேட்டபோது, நண்பன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயந்து மைத்துனன் என்று சொல்லிவிட்டேன். கம்பெனிக்குப் பொய் சொன்னோமோ என்று ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.

இந்த வருஷம் அந்த அம்மா கேட்டாள், அதே ஆள்தானா, மாற்றணுமா என்று. பேச்சுவார்த்தை இல்லாதவன் நம்பரை எப்படிக் கொடுப்பது? ஒரு நிமிஷம் நின்றேன். பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறது.

“சேம்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

6

சனிக்கிழமையும் ‘இருக்கேன்’ வரவில்லை. அன்று எனக்கு லீவு. எட்டரையில் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாருக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். அவர் மனைவி டீச்சரம்மா போன வருஷம் இறந்துவிட்டார். மகன் பெங்களூரில். சார் தனியாகத்தான் இருக்கிறார்.

குரூப்பைப் பார்த்தால் எனக்குக் கோபம் தலைக்கேறியது. வழக்கத்தைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். புதுப் படத்தில் சண்டைக் காட்சி நிஜமா கம்ப்யூட்டரா என்று ஒரு கூட்டம். எந்தப் போனில் பேட்டரி நிற்கும் என்று ஒரு கூட்டம். சனிப்பெயர்ச்சிக்கு எந்த ராசி தப்பிக்கும் என்று ஒரு கூட்டம். ஒருவன்கூட சார் எங்கே என்று கேட்கவில்லை. பார்க்காமல் இல்லை. அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். கேட்டால் எவனாவது பதில் சொல்லிவிடுவானோ என்றுதான் சத்தமாக வேறு பேசுகிறார்கள்.

நான் மட்டும் யோக்கியமா? ‘சார் எங்கே?’ என்று மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அழித்தேன். நான் அதைப் போட்டால், ‘ஆரம்பிச்சுட்டான்யா’ என்று அறுபது பேரும் சொல்வார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒரு தடவை நான் எழுதி அவரைச் சாகடித்தேன். இந்தத் தடவை நான் எழுதி, அது நிஜமாகிவிட்டால்?

தர்ஷினி தோசையைத் தின்றுகொண்டே என்னைப் பார்த்தாள். “அப்பா, ஜஸ்ட் கால் ஹிம்.”

“சார் போன் எடுக்கலம்மா.”

“நாட் சார். தி அதர் ஒன்.”

இங்கிலீஷில் சொன்னதால் தப்பிக்க முடியவில்லை. தமிழில் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் கேட்டது, என்னிடம் இல்லை.

“ஏ வண்டி, சிங்கப்பூர்லேருந்து யாரோ கூப்புடுறாங்க. என்னான்னு கேளு.”

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. “அடைக்கலம்,” என்றேன். “சார மூணு நாளாக் காணோம்டா.”

சுத்தியல் சத்தம் நின்றது.

“பாத்தேன்,” என்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

“பாத்தியா? அப்பறம் ஏன்டா போயிப் பாக்கல? பத்து நிமிச தூரம்.”

“மறுபடியும் அதையே சொல்லு, பத்து நிமிச தூரம்னு. நீ சொன்னதக் கேட்டு அந்த வாசல்ல போயி நின்னதுக்கு இன்னும் என்னைய மாலைன்னுதான் கூப்புடுறாய்ங்க. நேத்துப் போகலாம்னு வண்டிய எடுத்தேன்டா. பாதி வழியில திருப்பிட்டேன்.”

“சிரிப்பாய்ங்கன்னா?”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாய்ங்க. போயி நின்னு, இந்த தடவ கதவு தொறக்கலன்னா என்னா செய்ய?”



“மாப்ள,” என்றேன். “நான் லைன்ல இருக்கேன். கெளம்பு.”

“வச்சுறாத.”

“வைக்கல. போ.”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வண்டி உதைக்கிற சத்தம். அப்புறம் காற்று. பஸ் ஹாரன். ஏதோ கடையில் பாட்டு. நடுவில் அவன் குரல் வரும்: “பஸ் ஸ்டாண்டு தாண்டிட்டேன்.” “முந்திரிக் கொல்லை வந்துருச்சு.” நான் இங்கே பன்னிரண்டாவது மாடியில் சோபா நுனியில் உட்கார்ந்து அந்த ரோட்டில் அவனோடு போய்க்கொண்டிருந்தேன். மகள் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி நின்றது.

“கேட்டு பூட்டல,” என்றான் மெதுவாக. “வாசல்ல கோலம் இல்ல.”

“டீச்சரம்மா போனதுலேருந்து கோலம் ஏதுடா? தட்டு.”

“இருடா.”

தட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்றுமில்லை. மறுபடி தட்டினான். “சார்…” என்று கூப்பிட்டான். எட்டாம் வகுப்பில் லேட்டாக வந்து கிரவுண்டு ஓரத்தில் நின்று கூப்பிடுவானே, அதே குரல்.

உள்ளே எதுவோ இழுபடுகிற சத்தம். செருப்புத் தேய்கிற சத்தம். தாழ்ப்பாள்.

அப்புறம் அந்தக் குரல்:

“என்னடா, இன்னைக்கு மாலை எங்க?”

7

அடைக்கலம் அழுதான் என்று நான் எழுதினால் அவன் மறுபடி மூன்று வருஷம் பேச மாட்டான். அதனால் எழுதவில்லை.

சாருக்குக் கண் ஆபரேசன். புதன்கிழமை மகன் வந்து திருச்சிக்குக் கூட்டிப் போயிருக்கிறான். ஒரு வாரத்துக்குப் போன் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்ல, மகன் போனை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். அன்று காலையில்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மகன் மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தான்.

“பாக்கக் கூடாதுன்னாரு, போடக் கூடாதுன்னு சொல்லலையே சார்,” என்று அடைக்கலம் கேட்டான்.

“பாக்காம எப்புடிடா போடுறது, மடையா? பையில என்னா, எவன்டா லைன்ல?”

போனை அவர் கையில் கொடுத்துவிட்டான். “யாரு, கருப்பையாவா?” என்றார். அன்றைக்கு அடைக்கலத்திடம் சொல்லாததை, அவரிடமும் மூன்று வருஷமாகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“சார், அன்னைக்கு நான் செஞ்சது தப்பு சார்.”

“எது, அந்த நாலு வரியா? நல்லாத்தான் எழுதியிருந்த. நான் செத்தா அதையே போட்டுக்கலாம்.”

“சார்…”

“தப்புன்னா தப்புதான். லேட்டா வந்தா என்னா பனிஷ்மென்ட்டு?”

“கிரவுண்ட மூணு சுத்து சார்.”

“மூணு வருசம் லேட்டு. ஓடு.”

பின்னால் அடைக்கலம் சிரிப்பது கேட்டது. சார் அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். “ஒனக்கு என்னடா இளிப்பு? விசாரிக்காம மாலை வாங்குனவன் நீதான? ஒனக்கும் மூணு.”

“சார், அவன்தான சார் போட்டான்?”

“நாலு.”

“மூணே ஓடிர்றேன் சார்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் எங்கள் பிளாக்குக்குக் கீழே இருக்கிற நடைபாதையில் கால்சட்டையோடு நின்றேன். தர்ஷினி கூட வந்தாள், போட்டோ எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு. காதில் அடைக்கலம்.

“எங்கடா நிக்கிற?” என்றான்.

“பிளாக்குக்குக் கீழ. நீ?”

“ஸ்கூல் கிரவுண்டுல. வாட்ச்மேன் உள்ள விடல. இந்த வயசுல என்னாய்யா ஓட்டம்னான். ராமலிங்கம் சாரு பனிஷ்மென்ட்னேன். பேசாம கேட்டத் தொறந்து விட்டுட்டான்.”

முதல் சுற்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஓடினோம். புதுப் படத்தைத் திட்டினோம். ஐந்து கால் குதிரையைப் பற்றி அவன், “அது வாலுடா, நீ காலுன்னு எண்ணிட்ட” என்றான். இல்லை, கால்தான். இரண்டாவது சுற்றில் பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

“மாப்ள, நெஞ்சு அடைக்குதுடா,” என்றேன்.

“செத்துக் கித்துத் தொலையாத. நீ செத்துட்டேன்னு நான் குரூப்புல போட்டா எவனும் நம்ப மாட்டான்.”

மூன்றாவது சுற்று ஆரம்பிக்கும்போது அவன் நின்றுவிட்டான் என்று மூச்சிலேயே தெரிந்தது. நானும் நின்றேன்.

“டேய்,” என்றான். “சார்தான் பாக்கலையே. நடந்துக்குவமா?”

“நடந்துக்குவோம்.”

கடைசிச் சுற்றை நடந்தோம். ரொம்ப மெதுவாக. அந்த ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மகள் எப்போதோ மாடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை சைட்டில் முதல் டீ. எட்டரைக்குப் போன் அதிர்ந்தது. சார்.

‘இருக்கேன். மூணு சுத்தும் ஓடுனீங்களாடா?’

டீயைக் கீழே வைத்துவிட்டுப் பதில் எழுதினேன். நான் அனுப்புகிற அதே நொடியில் அடைக்கலத்தின் பதிலும் வந்து விழுந்தது. ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒரே மாதிரி, ஒரே பொய்.

‘ஓடிட்டோம் சார்.’